ஆய்வுக்கு நாள் கிடைக்கும் வரை காரை எடுக்கலாமா?

வாகனம்: வாசகர் கேள்வியும் பதிலும்

சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிப்பது குறித்து மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளோம்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என் பெட்ரோல் காரின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) குறித்திருக்கும் பதினைந்து ஆண்டுக் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்துப் பணமும் கட்டிவிட்டேன். ஆய்வுக்கு எனக்கு ஒதுக்கப்பட்ட நாளில் வண்டியைக் கொண்டுபோனபோது, ஆய்வாளர் வேறு பணிக்குச் சென்றிருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள், காலம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. என் மனைவியை வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பணம் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு இடைப்பட்ட நாட்களில் ஓட்டலாமா? ரசீது இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக்.
வாசகர், அவனியாபுரம்

பதில்: ஓட்டக் கூடாது, ஐயா. உங்கள் மீது எந்தத் தவறும் இல்லாதபோது இப்படிச் சொல்ல வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் விதி மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 41-ஆம் பிரிவின்படி, வாடகைக்கு ஓடாத வாகனத்தின் பதிவுச் சான்றுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் தருகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52-ஆவது விதி, அந்தக் காலம் முடிந்த வாகனத்தை முறையாகப் பதிவு பெற்ற வாகனமாகவே கருத முடியாது என்றும், பதிவு புதுப்பிக்கப்படும் வரை அதைப் பொது இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் ஓட்டலாம் என்று அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. ரசீது நீங்கள் பணம் கட்டியதற்குச் சாட்சியே தவிர, வண்டி ஆய்வில் தேறியதற்குச் சாட்சி ஆகாது.

கொரோனாக் காலத்தில் காலாவதியான ஆவணங்களை வைத்தே ஓட்டினோமே என்று பலர் கேட்கிறார்கள். அப்போது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான ஆவணங்களைச் செல்லுபடியாகக் கருதும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தி, அதைப் பலமுறை நீட்டித்து, 2021 அக்டோபர் 31-உடன் நிறுத்திக்கொண்டது. அப்படியொரு தனி அறிவிப்பு தேவைப்பட்டதே, அறிவிப்பு இல்லாத காலத்தில் சலுகையும் இல்லை என்பதைக் காட்டுகிறது.

பதிவு இல்லாத வாகனத்தை ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரையிலும், மறுமுறைக்கு 10,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. மறுமுறைக்குச் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதத்தை விட நான் அஞ்சுவது விபத்தை. பதிவு செல்லாத நிலையில் நேர்ந்த இழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்ததை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒரு விபத்து வழக்கிலும், 2021-இல் ஒரு திருட்டு வழக்கிலும் ஏற்றுக்கொண்டது. இரண்டுமே தற்காலிகப் பதிவு முடிந்துபோன வண்டிகள் பற்றிய வழக்குகள்தாம். ஆனாலும் பதிவில்லாமல் ஓட்டுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவதாகும் என்ற அவற்றின் காரணம், பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கும் பொருந்தும் என்று உங்கள் காப்பீட்டு நிறுவனம் வாதாடும். பிரீமியத்தைத் தவறாமல் கட்டியிருந்தும் கடைசியில் வெறுங்கையோடு நிற்கும் நிலை அது.

உங்கள் மனைவியின் சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோயுற்றவரையோ காயமுற்றவரையோ அவசரத்தில் ஏற்றிச் செல்ல வண்டியைப் பயன்படுத்தினால் அந்தத் தண்டனை பொருந்தாது என்று 192-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. அப்படி ஓட்டியதை ஏழு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்து, வேறு வண்டி கிடைக்காமல் காரை எடுத்தீர்களானால் சட்டம் உங்களைக் குற்றவாளியாக்காது. ஆனால் முன்கூட்டியே நாள் குறித்துச் செல்லும் வாராந்திரச் சிகிச்சையை அவசரம் என்று காட்டுவது கடினம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுச் சிக்கலை அந்த விலக்கு தீர்த்துவிடும் என்றும் நம்ப முடியாது. அந்த இரண்டு வாரத்துக்கு ஆட்டோவோ வாடகைக் காரோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒதுக்கப்பட்ட நாளில் வண்டியுடன் வந்தும் ஆய்வு நடக்கவில்லை என்பதை, விண்ணப்ப எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையுடன் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். காலம் முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி அதிலேயே கேளுங்கள். இடையில் யாராவது விட்டுக்கொடுத்த நாள் கிடைக்கவும் வாய்ப்புண்டு. அது கிடைக்காமற்போனாலும் இந்தக் கடிதம் வேறு வகையில் உதவும். விண்ணப்பிக்கத் தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. நீங்கள் காலத்துக்குள் விண்ணப்பித்துவிட்டீர்கள் என்பதற்கு ரசீதும் கடிதமும் சேர்ந்து சான்றாக நிற்கும். காலம் முடிந்த பிறகு ஆய்வுக்குக் கொண்டுபோவதானால், காரை ஓட்டிச் செல்லாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். செலவுதான், மறுக்கவில்லை. அவனியாபுரத்திலிருந்து நகரத்துக்குள் வரும் வழியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் குறுக்கே வந்து விழுந்துவிட்டால் ஆகக்கூடிய செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் காலம் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காலம் முடிவதற்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. அந்த அறுபது நாளும் முழுமையாகத் தேவைப்படும் என்று எண்ணி, அதற்கும் இரண்டு மூன்று மாதங்கள் முன்பே ஆயத்த வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் உங்கள் வண்டியுடன் இணைந்த கைபேசி எண் இப்போது உங்களிடம் இல்லாத பழைய எண்ணாக இருக்கலாம். அதற்கு வரும் கடவு எண் இல்லாமல் விண்ணப்பத்தைத் திறக்கவே முடியாது. காகித ஆர்.சி. காலத்து வண்டியானால், அதன் விவரம் கணினியில் ஏறாமலோ, என்ஜின் எண்ணில் ஓர் எழுத்துப் பிழையோடு ஏறியோ இருக்கலாம். வங்கிக் கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். அதை நீக்க வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். கட்டாமல் விட்ட போக்குவரத்து அபராதமும் விண்ணப்பத்தை நிறுத்திவிடும். ஆய்வுக்கு நாள் கிடைக்கவில்லை என்று எழுதுகிறவர்களின் கடிதங்களை ஊன்றிப் படித்தால், பாதிப் பேருக்கு நாள் கேட்கும் கட்டத்தையே எட்டவிடாமல் இவற்றுள் ஒன்று தடுத்திருப்பது தெரிகிறது.

வண்டியையும் முன்னதாகவே ஒரு நல்ல பட்டறையில் காட்டிவிடுங்கள். பிரேக், கை பிரேக், முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், சீட் பெல்ட் எல்லாம் வேலை செய்ய வேண்டும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்துவிட்டது. முன்பக்கம் இரும்புத் தடுப்புக் கம்பி மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பலரும் மறப்பது சேஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தில் பொறித்திருக்கும் எண். பதினைந்து ஆண்டுத் தூசியும் துருவும் ஏறி எண் படிக்க முடியாமல் போயிருந்தால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஆய்வாளர் கையெழுத்திட மாட்டார். தேய்த்துத் துடைத்து, பென்சிலால் தாளில் பதிவெடுத்துப் பாருங்கள். டிங்கரிங், பெயிண்டிங் செய்யக் கொடுத்தால் அந்த எண்ணின் மேல் சாயம் பூசிவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஆய்வாளர் குறை இருப்பதாகத் திருப்பினால், என்ன குறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்க மறுத்து ஆணையே பிறப்பித்தால், அது கையில் கிடைத்த முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 57-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

கேள்வி: எஃப்.சி. (வண்டி ஆய்வில் தேறியதற்கான தகுதிச் சான்று) எடுக்க ஒரு புரோக்கரிடம் பேசினேன். வண்டியைக் கொண்டுவரவே தேவையில்லை, நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக் கொடுத்தால் போதும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். நாள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது இதில் என்ன தவறு?
வாசகர், செல்லூர்

பதில்: உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. படிவம் நிரப்பவும் இணையத்தில் ஏற்றவும் பழக்கப்பட்டவர்கள் கைகொடுத்தால் முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் வண்டியைப் பார்க்காமல் வாங்கித் தருவதாகச் சொல்லும் சான்று பொய்ச் சான்று. அதற்குக் கொடுக்கும் பணம் லஞ்சம், அதைக் கொடுப்பவரும் குற்றவாளியே. ஒரு விபத்துக்குப் பிறகு வண்டியை ஆராயும்போது, தேய்ந்துபோன பிரேக் லைனிங்கையும் சில வாரங்களுக்கு முன் வாங்கிய சான்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். அப்போது அந்தப் புரோக்கர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

இன்னொன்றும் கேட்கிறேன். பதினைந்து ஆண்டு ஓடிய காரின் அடித்தளத்தைக் கடைசியாக யார் குனிந்து பார்த்தார்கள்? வருடாவருடம் சர்வீஸுக்கு விடுபவர்கள்கூட ஆயில் மாற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். தரைத்தகட்டின் துரு, ஸ்டியரிங் இணைப்பில் ஆட்டம், பிரேக் குழாயில் கசிவு ஆகியவற்றை ஓட்டுகிறவர் பழக்கத்தினால் உணர்வதில்லை. எதிரே நடந்துவரும் பள்ளிப் பிள்ளைக்கு உங்கள் காரின் பிரேக் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஆய்வு தாமதமாகிறது என்பது நியாயமான குறை, அதை நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆய்வே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: எங்கள் அப்பா தவறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவருடைய கார் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. நானும் அம்மாவும் இங்கே இருக்கிறோம், அண்ணன் துபாயில் இருக்கிறார். ஆர்.சி. காலம் சென்ற மாதம் முடிந்துவிட்டது. இன்ஷூரன்ஸும் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. சந்து குறுகலானது என்பதால் வண்டி தெருவோரத்தில்தான் நிற்கிறது. அப்பா ஆசையாக வைத்திருந்த கார் என்பதால் விற்க மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் காரைத் தெருவிலிருந்து எடுத்து ஒரு சுற்றுச்சுவருக்குள் நிறுத்த வழி பாருங்கள். உறவினர் வீட்டு முற்றமோ தோட்டமோ இருந்தால் போதும். மக்கள் வந்துபோக உரிமையுள்ள தெரு சட்டத்தின் பார்வையில் பொது இடம். வாகனத்தைப் பயன்படுத்துவது என்ற சொல்லுக்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் கூறி, ஓடாமல் கிடக்கும் வண்டியால் நேரும் விபத்தும் அதற்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. காப்பீடு இல்லாத நிலையில் அந்தக் காரின் மீது இரவில் ஒருவர் மோதி விழுந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை உங்கள் குடும்பத்தைத் தேடி வரக்கூடும். இடம் மாற்றும்போதும் இழுத்துச் செல்லும் வண்டியையே அழையுங்கள்.

அடுத்தது பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் முப்பது நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்திருந்தால் வாரிசு மூன்று மாதம் வரை அந்த வண்டியைத் தம்முடையதைப் போலப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலமெல்லாம் கடந்துவிட்டது என்றாலும் விண்ணப்பிக்கும் உரிமை போய்விடவில்லை, தாமதக் கட்டணம் கேட்பார்கள். இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். துபாயில் இருக்கும் உங்கள் அண்ணன் அங்கேயுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால் தாமதம் குறையும். அதற்கே நாள் எடுக்கும் என்பதால் இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்தையும் பதிவு புதுப்பித்தலையும் எந்த வரிசையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்காகப் போட்ட விண்ணப்பம் கணினியில் நிலுவையில் நின்று மற்றொன்றைத் தடுப்பது வழக்கமாக நடக்கிறது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பாலிசிதாரர் இறந்தால் அது உடனே செத்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரையோ, பாலிசிக் காலம் முடியும் வரையோ, இரண்டில் எது முந்தியதோ அதுவரை உயிருடன் இருக்கும். அதற்குள் வாரிசு தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பாவின் பெயரில் அதன் பிறகு யாராவது இணையத்தில் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் அந்தப் பாலிசியை நம்பியிருக்க வேண்டாம். பாலிசி முடிந்து தொண்ணூறு நாள் கடந்துவிட்டதால், விபத்தில்லாமல் ஓட்டியதற்காகச் சேர்ந்திருந்த தள்ளுபடியும் போய்விட்டது. புதிதாக எடுக்கும்போது நிறுவனத்தின் ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார், அல்லது படம் அனுப்பச் சொல்வார். அப்பா இறந்ததையும் ஆர்.சி. நிலையையும் மறைக்காமல் எழுத்தில் சொல்லி, உங்கள் பெயரில் பாலிசி வாங்குங்கள். ஆய்வுக்குப் போகும்போது நடப்புக் காப்பீட்டைக் கேட்பார்கள் என்பதால் இது முன்னதாக நடக்க வேண்டிய வேலை.

கேள்வி: என் பெயரில் உள்ள டி.என். 59 காரை மகன் பெங்களூருவில் ஓட்டுகிறான். ஆர்.சி. காலம் மூன்று மாதத்தில் முடிகிறது. அவனுக்கு விடுப்பு கிடைப்பதில்லை. அங்கேயே ஆய்வு செய்துகொள்ளலாமா?
வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: கார் அங்கே போய் எவ்வளவு காலம் ஆகிறது என்பதைப் பொறுத்தது இது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வாகனத்தை வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் பதிவு எண்ணைப் பெற வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. அப்படியானால் மதுரையில் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, அங்கேயே ஆய்வுக்கு நிறுத்துவதுதான் வழி. பழைய காருக்கு இவ்வளவும் செய்வது தகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்மையில்தான் கொண்டுபோனார் என்றால், காலம் முடிவதற்குள் ஒரு சனி ஞாயிறோடு ஒரு வேலை நாளைச் சேர்த்து காரை மதுரைக்குக் கொண்டுவருவதே எளிது. முடிந்த பிறகு அவ்வளவு தூரமும் ஓட்டிவரச் சட்டம் இடம் தராது, ஏற்றிவரக் கொடுக்கும் கூலியோ மலைக்க வைக்கும். மூன்று மாதம் கையில் இருப்பதால் உங்களுக்கு இது இன்னும் சிக்கலாகவில்லை.

கேள்வி: 2003-இல் பதிவான என் காருக்கு என்ஜின் இறக்கிப் பட்டறையில் கிடக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த காலமும் முடிந்து பல மாதம் ஆகிறது. சரிசெய்து எஃப்.சி. எடுப்பதா, காயலான் கடைக்குப் போடுவதா?
வாசகர், அலங்காநல்லூர்

பதில்: கணக்கைப் பார்த்துவிடுவோம். காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாயாக இருந்த மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக உயர்த்திவிட்டார்கள். உங்கள் கார் அந்தக் கணக்கில் வருகிறது. விண்ணப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் சேரும் என்பதால் ஓர் ஆண்டுத் தாமதத்துக்கு 6,000 ஆகும். தமிழ்நாட்டின் பசுமை வரியும், என்ஜின் வேலையும், டயரும், காப்பீடும் அதன் மேல். பட்டறைக்காரரிடம் முழு மதிப்பீட்டை எழுதி வாங்கி இவற்றோடு கூட்டிப் பாருங்கள். அதே வகைக் கார், நடப்பு ஆவணங்களுடன் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் விசாரியுங்கள். பட்டறையின் உள்ளேயே கிடக்கும் வரை அதற்கு எஃப்.சி. இல்லையே என்று பதற வேண்டியதில்லை, தெருவுக்கு வரும்போதுதான் அது வேண்டும்.

கழித்துவிடுவது என்று முடிவானால், எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இனி ஓட்ட முடியாத நிலைக்கு வந்த வாகனத்தைப் பதினான்கு நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. அரசிடம் பதிவு பெற்ற வாகனம் கழிக்கும் நிலையத்தில் கொடுத்தால் அவர்களே ஒப்படைப்புச் சான்று தருவார்கள். ரத்து செய்யாத வண்டியின் எண் பலகையும் சேஸ் தகடும் வேறொரு காரில் ஏறினால், அது செய்யும் குற்றங்களுக்கு அலைய வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

கேள்வி: என் ஆம்னி வேனில் பிற்காலத்தில் கேஸ் கிட் மாட்டினேன். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றுதான் இருக்கிறது. ஆய்வில் கண்டுகொள்வார்களா?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: கண்டுகொள்ளத்தான் வேண்டும், அதில் உங்கள் குடும்பத்தின் உயிரும் அடங்கியிருக்கிறது. எரிபொருளை மாற்றுவது 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டிய மாற்றம். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மாட்டியதற்கான சான்றும், வாகனத்துக்கென்றே செய்த கேஸ் தொட்டியின் நடப்புப் பரிசோதனைச் சான்றும் இருந்தால் விண்ணப்பித்து ஏற்றிக்கொள்ளுங்கள். இவை இல்லை என்றால், அல்லது வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பும் ஏற்பாடாக இருந்தால், இன்றே அதைக் கழற்றிப் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். ஆய்வு நாளில் மட்டும் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் புகைப் பரிசோதனை மையத்தில் கருவி பழுது. வேறு மாவட்டத்தில் எடுத்த சான்று செல்லுமா? எத்தனை மாதத்துக்கு?
வாசகி, மேலூர்

பதில்: செல்லும். அங்கீகாரம் பெற்ற எந்த மையத்தில் எடுத்தாலும் அது பரிவாகன் கணினியில் ஏறி நாடு முழுவதும் செல்லுபடியாகும். பி.எஸ். என்பது வண்டி எந்தப் புகைத் தரப்படி செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும்; பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடு அளவு பி.எஸ். 4 வண்டிக்கு 0.3 சதவீதத்துக்கு உள்ளும், பி.எஸ். 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதத்துக்கு உள்ளும் இருக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜினில் எடுத்தால் நல்ல வண்டியும் தவறிவிடும். இந்தச் சான்று இல்லாமல் ஓட்டினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு. இது இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டிக் காப்பீட்டுக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கேள்வி: தாத்தா 1968-இல் வாங்கிய அம்பாசிடர் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு அலைவதை விட, பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்வது நல்லதா?
வாசகர், காரைக்குடி

பதில்: எதற்காக அதை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் அதன் பிறகு அந்தக் காரைக் கண்காட்சிக்கும், பழைய கார்களின் அணிவகுப்புக்கும், ஆராய்ச்சிக்கும், பராமரிப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் மட்டுமே வெளியே எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு அதில் போய்வருகிறீர்கள் என்றால், இப்போதுள்ள பதிவையே தொடர்ந்து புதுப்பித்து வாருங்கள். ஆர்.சி. இப்போது நடப்பில் இருக்கிறதா, அதன் விவரம் பரிவாகனில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்தக் காலத்துப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றித் தரும்படி விண்ணப்பிக்க நேர்ந்தால், அசல் ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படியெடுத்துக்கொண்டு போங்கள். அசலை ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.